காற்று முள்ளும் எண்ணெய் முள்ளும்

லாரியின் ஆயில் பிரஷரைக் கவனிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் இரணியலிலிருந்து அழகியமண்டபம் வரைக்கும் பிரேக் டாங்கில் இருந்த காற்றைக் கவனித்துக்கொண்டு போனேன். வெட்கக்கேடுதான். நானே சொல்லாமல் விட்டால் மற்றவர்கள் இதைவிட மோசமாகச் சொல்வார்கள். ஏற்கெனவே சொல்லியும் ஆயிற்று.

என் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. டிரைவருக்கு முன்னால் ஒரே அளவில் இரண்டு வட்டக் கண்ணாடிகள். இரண்டிலும் ஒவ்வொரு முள். எது எதற்கு என்று காட்டும் சின்னப் படங்கள் வெயிலில் வெளுத்துப் போயிருந்தன. ஒரு முள் தாழ்ந்து, தயங்கி நின்றது. இன்னொன்று நல்ல உயரத்தில் கம்பீரமாக, அசையாமல் நின்றது. நான் கம்பீரமாக நின்றதைத் தேர்ந்தெடுத்தேன். தேர்தலிலும் என் வழக்கம் இதுதான்.

"மாப்ளே, எட்டுல நிக்குது! அடிபொளி!" என்று கத்தினேன்.

வண்டியை ஓட்டியவர் என் தங்கையின் கணவர். பல வருடம் கல்ஃபில் டிரெய்லர் ஓட்டிவிட்டு, இனி போவதில்லை என்று ஊருக்கு வந்து, இந்தப் பழைய லாரியை வாங்கியவர். குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் வெட்டுகிற ரப்பர் மரத் தடியைக் கேரளத்துப் பலகைக் கம்பெனிகளுக்கு ஏற்றிப் போவது தொழில். கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடிற்று. அப்புறம் ஒருநாள் எஞ்சின் பாதி வழியில் இறுகி நின்றுபோய், கட்டி இழுத்து வர வேண்டியதாயிற்று. மொத்த எஞ்சினையும் இறக்கிப் பிரித்து, கிராங்கைக் கடைந்து, பிஸ்டன், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு ஏற்றினோம். 'ஏற்றினோம்' என்று சொல்வது ஒரு உறவு முறையில்தான். நான் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதற்கு நடுவே கல்ஃபிலிருந்து பழைய கம்பெனிக்காரர் கூப்பிட்டார். விசா தயார், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். மாப்பிள்ளை வீட்டில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "வண்டி ஓடினா இஞ்ச, ஓடலேன்னா அங்க." தங்கை அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். பேச வேண்டிய இடத்தில் பேசாமலிருந்தால் பையன்கள் நடுங்குவார்கள் என்று கேள்வி. ஆகவே அந்த எஞ்சினில் எண்ணெய் ஒழுங்காக ஏறி இறங்குமா என்பதில்தான், மாப்பிள்ளை இந்த வீட்டில் இருப்பாரா என்பது தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். தெரிந்தும்தான் நான் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஞ்சினை ஏற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒரு இறக்கத்தில் முன்னால் ஆட்டோ ஒன்று நின்று நின்று போனது. மாப்பிள்ளை பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தார். எட்டில் நின்ற என் கம்பீர முள் ஏழு, ஆறு என்று இறங்கியது.

"ஆயில் போச்சு! நிறுத்துங்க! நிறுத்துங்க மாப்ளே!"

அவர் நடுரோட்டில் நிறுத்தினார். பின்னால் வந்த பஸ்காரர் ஹார்னை அழுத்திப் பிடித்துக்கொண்டே எங்கள் பரம்பரையை விசாரித்தார். மாப்பிள்ளை முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மச்சான், அது காத்து."

"காத்தா?"

"பிரேக்குக்கு உள்ள காத்து. ஆயிலு மத்தது. இனி வாயத் தொறக்காம வாருங்க, கேட்டியளா."

வாயைத் திறக்காமல் வந்தேன். அழகியமண்டபம் தாண்டி ஏற்றம் வந்தது. பின்னால் பாதி லோடு தடி. எஞ்சின் முனகி ஏறத் தொடங்கிய இடத்தில், 'மத்தது' என்று சொல்லப்பட்ட அந்தத் தாழ்ந்த முள் இன்னும் தாழ்வதை நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். ஆனால் பஸ்காரரின் வார்த்தைகள் காதில் இன்னும் ஈரம் காயாமல் இருந்தன. மானமுள்ள மனிதன் ஒரே பயணத்தில் இரண்டு தடவை கத்துவதில்லை. அந்த மானத்துக்கு எஞ்சின் கொஞ்ச தூரம் விலை கொடுத்தது. ஆயிலுக்கான சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகுதான் மாப்பிள்ளை கண்டார். எஞ்சினை அணைத்து ஓரம் கட்டினார். புதிதாகச் செய்த எஞ்சின். அதிர்ச்சி என்றால் அலறுவது என்று நினைத்திருந்தேன், அது அப்படியில்லை. இரண்டு நடுவயது ஆண்கள் ஒரு கண்ணாடி வட்டத்தை முறைத்துக்கொண்டு சும்மா இருப்பது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தார். முள் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நின்றது.

அப்படியே மெல்ல உருட்டி ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினோம். எங்கள் பக்கத்தில் கைவேலை தெரிந்தவர் எல்லாரும் ஆசான்தான். இவர் எஞ்சின் ஆசான். அய்யாவழி என்கிற எங்கள் பக்கத்துச் சமயத்துக்காரர், நெற்றியில் வெள்ளை நாமம். தன்னைப் புகழும் வேலையை வேறு யாருக்கும் விட்டுவைக்காதவர்.

"சாரே, எனக்க கையில இருந்து எறங்குன எஞ்சின் சுடுகாட்டுக்குப் போனாலும் பிரஷரோடத்தான் போவும். எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல. மீட்டரு கள்ளம் சொல்லுது."

மீட்டரை நம்பாமல், எஞ்சினிலேயே நேராக வேறொரு மீட்டரைத் திருகி மாட்டிப் பார்த்தார். சும்மா ஓடும்போது அது நன்றாக நின்றது. "பாத்தியளா?" என்று மார்பைத் தட்டினார். மாப்பிள்ளை ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்தார். கொஞ்சம் ஏறிய முள், பிறகு படபடவென்று இறங்கிற்று. ஆசான் தட்டிய கையை மார்பிலிருந்து எடுக்க மறந்து நின்றார்.

அடுத்து எண்ணெயைச் சந்தேகித்தார். "கட்டி கொறஞ்ச ஆயிலா இருக்கும்" என்று அடியிலிருந்த மரையாணியைக் கழற்றிப் பழையதை வடித்து, புது எண்ணெய் ஊற்றினார். முன்போலவே இறங்கியது. அதிகப் பிரஷரை வெளியே விடுகிற வால்வு மாட்டிக்கொண்டிருக்கும் என்று அதைக் கழற்றினார். பளபளவென்று இருந்தது. ஃபில்டரை மாற்றினார். அதுவும் குற்றமற்றது.

நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவன். கையில் கிடைத்த எதையும் வாசித்துவிடுவது என் பலம். வாசித்ததை உடனே சொல்லிவிடுவது குறை. அன்று மதியம் ஃபோனில் ஒரு எஞ்சின் கையேட்டைப் பாதி வாசித்திருந்தேன். பேரிங் தேய்ந்தால் எண்ணெய் அந்த இடைவெளி வழியே வழிந்து பிரஷர் குறையும் என்று அதில் இருந்தது. சூடான எஞ்சின் சும்மா ஓடும்போதுதான் அது முதலில் தெரியும், மிதித்தால் ஏறிவிடும் என்று அடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது. நான் அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை.

"ஆசானே, தப்பா நினைக்காதீங்க..."

தமிழில் இப்படித் தொடங்கிய எந்த வாக்கியமும் நல்லபடியாக முடிந்ததில்லை.

"...பேரிங்கெல்லாம் புதுசுதானே போட்டீங்க?"

ஒர்க்‌ஷாப்பில் சுத்தியல் சத்தம் நின்றது. ஆசான் உள்ளே போய், ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். அதற்குள் செய்தித்தாளில் பொதிந்து, கீறல் விழுந்த அரைவட்டத் தகடுகள்.

"இன்னா இருக்கு, உங்க வண்டிக்க பழைய பேரிங். எண்ணிப் பாருங்க சாரே. புதுசு போடாம இது எல்லாம் எனக்க டப்பாவுக்குள்ள எப்பிடி வந்தது? நடந்தா வந்தது?"

என்னால் நிமிர முடியவில்லை. மாப்பிள்ளைதான் குறுக்கே வந்தார்.

"விடுங்க ஆசானே. மச்சானுக்குக் காத்தும் எண்ணெயும் ஒண்ணுதான்."

ஆசான் ஆறவில்லை. ஆனால் அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. "நாளைக்கி எஞ்சின எறக்கிருவோம். முழுசும் பிரிச்சுப் பாக்கணும். எனக்கே வெளங்கல்ல," என்றார். 'எனக்கே' என்பதை அவர் சொன்ன விதத்தில் ஒரு சாம்ராஜ்யம் விழுகிற ஓசை இருந்தது.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை அமைதியாகச் சொன்னார். "மறுபடியும் பிரிக்கணுமின்னா எப்பம் ஏறி, எப்பம் ஓட? நான் கம்பெனிக்காரன்ட்ட சரின்னு சொல்லீருதேன் மச்சான்."

அன்று சாயங்காலம் தங்கை வீட்டில் கிழங்கும் மீன்கறியும். மீன் கடியப்பட்டணத்துச் சாளை. யாரும் ருசி பார்க்கிற நிலையில் இல்லை, என்னைத் தவிர. ஆசானிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் தங்கைக்கு விளக்கினேன். சும்மா ஓடினால் நிற்கிறது, மிதித்தால் இறங்குகிறது, எண்ணெய் மாற்றியும் பயனில்லை, நாளைக்கு எஞ்சினை இறக்குகிறார்கள் என்று.

பரிமாறிக்கொண்டிருந்த அவள் கேட்டாள். "நிறுத்திப் போட்டுட்டு, கொஞ்ச நேரம் களிச்சு வண்டிய எடுத்தா?"

"எடுத்தா சரியாவுது," என்றார் மாப்பிள்ளை. "பெறவு மிதிச்சா திருப்பியும் போவுது."

அவள் கையிலிருந்த அகப்பை குழம்புக்குள் இறங்கி அப்படியே நின்றது. முகம் வெளிறிவிட்டது. மாப்பிள்ளை கல்ஃபுக்குப் போகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

"எண்ணெய உறிஞ்சுற குழாய்க்க வாயில என்னமோ ஒட்டுது," என்றாள். "சர்பத்த ஸ்ட்ராவுல குடிக்கும்பம் எலுமிச்சந்தோலு வந்து அடைக்கும்லா, அது மாதிரி. மெல்ல உறிஞ்சினா ஒண்ணும் இல்ல. ஆஞ்சு உறிஞ்சினா வந்து அப்பிக்கிடும். நிறுத்தினா விளுந்திரும்."

நானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்தோம். "நீ எப்படிட்டி இவ்வளவு..." என்றேன்.

"எஞ்சின எறக்காண்டாம். அடியில உள்ள சேம்பர மட்டும் களத்திப் பாக்கச் சொல்லுங்க. நாளைக்கி நானும் வாறேன்."

பரீட்சை நேரம். காய்ச்சல் வந்தாலும் பள்ளிக்கூடம் போகிறவள் லீவு போடுகிறாள். இயற்பியல் என்றால் என்ன என்று அன்று இரவு என் மனைவியிடம் நான் நெடுநேரம் புகழ்ந்து பேசினேன். குடும்பத்தில் அறிவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆசான் வேண்டாவெறுப்பாக லாரிக்கு அடியில் போனார். சேம்பர் என்றால் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிற பெரிய தகரத் தொட்டி. அதற்குள் ஒரு சல்லடை வாய் தாழ்ந்து நின்று எண்ணெயை உறிஞ்சும். போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. தொட்டி இறங்கிற்று. அவருடைய இரண்டு கால்கள் மட்டும் வெளியே அசையாமல் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஆசானே?"

அவர் பின்னாலேயே நகர்ந்து வெளியே வந்து எழுந்தார். இரண்டு விரல் நுனியில் ஏதோ ஒன்று தொங்கியது. கறுத்து, எண்ணெயில் ஊறிக் குழைந்து, பாதி மடிப்புக் குலைந்த ஒரு நீளமான நாடா. அதன் நடுவே குறுக்காக இன்னொரு மடிப்பு.

"ஓலை," என்றார். "சாரே, இது ஓலை! எவனோ எஞ்சினுக்கு உள்ள செய்வினை வச்சிருக்கான்! அய்யா, சிவ சிவா!"

அதைத் தரையில் எறிந்துவிட்டு, கையை லுங்கியில் துடைத்து, பிறகு லுங்கியையே சந்தேகமாகப் பார்த்தார். பக்கத்து வண்டியில் வேலை பார்த்தவர்கள் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. யார் வைத்திருப்பார்கள், ரப்பர் தடிக்குப் போட்டி ஓட்டுகிறவனா, லாரியை விற்றவனா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். மூடநம்பிக்கைக்கு எதிராகக் கட்டுரைகள் எழுதியிருக்கிற நானும், உண்மையைச் சொன்னால், இரண்டடி பின்னால் தள்ளி நின்றேன்.

தங்கை முன்னால் போய்க் குனிந்து அதை எடுத்தாள்.

"செய்வினையெல்லாம் இல்ல ஆசானே. குருத்தோலைச் சிலுவை. நான்தான் போட்டேன்."

இடி விழுந்தால்கூட அதற்கு முன்னால் ஒரு மின்னல் வரும். இதற்கு ஒன்றும் வரவில்லை.

குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுக்கிற தென்னங்குருத்தை விரல் நீளத்தில் சிலுவையாக மடித்து, வருடம் முழுக்க வீட்டில் இயேசு படத்துக்குப் பின்னால் செருகி வைப்பது எங்கள் சபை வீடுகளில் வழக்கம். அதைத்தான் கொண்டுவந்திருக்கிறாள். எஞ்சினை ஏற்றிய அன்று, நாங்கள் ஐயர் என்று சொல்கிற எங்கள் போதகர் வந்து, வண்டியின் நெற்றியில் கைவைத்து ஜெபித்தார். முதல் தடவையிலேயே எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. எல்லாரும் சாயாவும் பழம்பொரியும் தின்னப் போன நேரத்தில், எண்ணெய் ஊற்றுகிற குழாயின் மூடியைத் திறந்து உள்ளே விட்டிருக்கிறாள். அந்தக் குழாய் நேரே அடித்தொட்டிக்கு இறங்கும்.

"எஞ்சினுக்கு உள்ளயா போடுவாவ?" என்றார் மாப்பிள்ளை. கோபமா அழுகையா என்று தெரியாத ஒரு குரல். "முன்னால கண்ணாடிக்கிட்ட வைக்கப்பிடாதா?"

"அங்க வச்சா அண்ணன் பாக்கும்."

"பாத்தா என்ன?" என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "எலுமிச்சம்பழம் கட்டுன வண்டியப் பத்தி எளுதினீங்க. ஆட்டோவுக்கு ஜெபம் பண்ணினத, மூணாவது சக்கரத்துக்கு ஞானஸ்நானம் குடுத்தாவன்னு எளுதினீங்க. அன்னைக்கி ஐயரு ஜெபம் பண்ணி முடிச்ச உடனே, கர்த்தர் காப்பாத்துவாரு, ஆனாலும் ஆயில நீங்களும் பாத்துக்கிடுங்கன்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சீங்க. எனக்க சிலுவையையும் எளுதுவீங்கன்னுதான், ஆருக்கும் தெரியாத எடத்துல போட்டேன்."

அந்த நகைச்சுவை எனக்கு நினைவிருந்தது. நன்றாக விழுந்தது என்று அன்று வீட்டிலும் சொல்லியிருந்தேன். ஒரு டீசல் எஞ்சினின் அடைப்புக்கு இலக்கியம் காரணமாக முடியும் என்று எந்தக் கையேட்டிலும் இல்லை.

"நீ இயற்பியல் டீச்சர்லாட்டி," என்றேன், பரிதாபமாக.

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "காஞ்ச ஓலைக்கு அடர்த்தி கம்மி. எண்ணெய்க்கு மேல மெதக்கும், அடியில உள்ள குழாய்க்கு வராதுன்னு யோசிச்சுத்தான் போட்டேன். ஊறினா அடியில தாளும்னு யோசிக்கல்ல. நேத்து கிழங்கு போடும்பம்தான் வெளங்கிச்சு."

மிதக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். நம்பிக்கையில் குறையில்லை, கணக்கிலும் பெரிய குறையில்லை. முதல் சில நாட்கள் அது மிதந்துதான் இருக்கிறது. ஆர்க்கிமிடிஸும் கர்த்தரும் சேர்ந்து ஒரு வாரம் தாங்கியிருக்கிறார்கள். அதன்பிறகு எண்ணெய் வென்றது. எந்த வண்டி ஓடினால் கணவன் போகமாட்டான் என்று அதைப் போட்டாளோ, அந்த வண்டியின் கழுத்தை அது மெல்லப் பிடித்திருக்கிறது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று முதல்முறையாக எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை எண்ணெய்க் கறையோடிருந்த அவள் கையைத் துடைக்கத் தோள் துண்டை நீட்டினார்.

ஆசான்தான் முதலில் தெளிந்தார். செய்வினை இல்லை என்றதும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. தன் எஞ்சினில் தப்பு இல்லை என்றானதும் பழைய கம்பீரமும் வந்துவிட்டது. "நான் சொன்னேம்லா? எனக்க எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னேனா இல்லியா?" என்று கூடியிருந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டார். என்னிடம் இரண்டு தடவை கேட்டார். பிரஷர் இல்லாமல் கொஞ்சம் ஓடியிருக்கிறதே என்று பயந்து, அடியிலிருந்தே ஒரு பேரிங்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். கீறல் இல்லை. "புதுசு," என்றார், என் முகத்துக்கு நேராகப் பிடித்து. "நல்லாப் பாருங்க சாரே. புதுசு."

சல்லடையைக் கழுவி, தொட்டியை மாட்டி, எண்ணெய் ஊற்றினார்கள். தங்கையின் கையிலிருந்ததை ஆசான் கேட்டு வாங்கினார். குப்பையில் போடப்போகிறார் என்று நினைத்தேன். "சாமி பேரச் சொல்லிப் போட்டதுல்லா," என்று டீசலில் அலசி, மடிப்பைத் தன் பெரிய விரல்களால் சரிசெய்து, பக்கவாட்டுக் கண்ணாடியின் கம்பியில் வெளிப்பக்கமாகக் கட்டிவிட்டார். "இனி இது காத்து குடிக்கட்டும், எண்ணெய் குடிக்காண்டாம்."

பாதி லோடு தடி அப்படியே இருந்தது. ஆசானும் வண்டியில் ஏறிக்கொண்டார். தங்கை நடுவில் உட்கார்ந்தாள். முள்ளைப் பார்க்கும் பொறுப்பை யாரும் எனக்குத் தரவில்லை. அதே ஏற்றம் வந்தது. எஞ்சின் முனகியது. அவள் இமைக்காமல் பார்த்தாள். தாழ்ந்து, தயங்கி நின்ற அந்த முள் ஏற்றம் முழுக்கத் தாழ்ந்து தயங்கியபடியே, ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையாமல் நின்றது. உச்சியில் வந்ததும் அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஆசான் வெளியே எட்டி, எதிரே பைக்கில் வந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், "நம்ம எஞ்சின்!" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வெளியே நின்றபோது மாப்பிள்ளை கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டே நிமிடப் பேச்சு. தங்கை கொஞ்சம் தள்ளிப் பெண்களோடு நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவள் முதுகு கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஒரு பெண்ணின் பிடிவாதமான அன்பு ஒரு மனிதனைக் கடல் தாண்டாமல் தடுத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு வாக்கியம்கூட உருவாகியிருந்தது. அதற்கு அவர் வாயாலேயே ஒரு ஒப்புதல் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் கேட்டேன்.

"அவளுக்காகத்தானே மாப்ளே போகல்ல?"

அவர் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டார்.

"பின்னே? ஒரு துண்டு ஓலையக் கொண்டு எனக்க லாரிய நிறுத்துனவ. நான் கெளம்பினா பிளேனுக்கு உள்ள என்னத்தப் போடுவாளோ, ஆரு கண்டா மச்சான்?"